மூன்று ஸ்தாயிக்கும் ஒரு ஹெட்போன்

மூன்று ஆண்டுகளாக வாய்ப்பாட்டுக் கற்றுவரும் என் அக்காள் மகள், கைப்பேசியில் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடிய சஹானா ராகத்தைக் கேட்டுவிட்டு, "மாமா, இவர் ஏன் இப்படி முனகுகிற மாதிரியே பாடுகிறார்?" என்று கேட்டாள். அவள் காதில் குறையில்லை. அவள் கேட்ட கருவியில் அந்தக் குரலின் பாதி வந்து சேரவே இல்லை. அதை வாதாடிப் புரியவைக்க முடியாது, கேட்க வைத்தால்தான் உண்டு என்று தோன்றியதால், பாடகர்களின் குரல் உலவும் கீழ், நடு, மேல் அடுக்குகளை, அதாவது மந்தர, மத்திய, தார ஸ்தாயிகளை, பக்கச்சார்பின்றித் தரக்கூடிய கம்பி ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். நான்கு மாதங்களாக இரவுதோறும் அதில் கேட்டு வந்ததன் முடிவுகளையே இங்கே எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகையைச் சேர்ந்த, இதே விலையில் கிடைக்கும் பிற ஹெட்போன்களை வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தச் சோதனை முறை பயன்படும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் மூடிய வகை ஹெட்போன் இது. காதை முழுவதும் சூழ்ந்துகொள்ளும் பஞ்சு, 40 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), 3 மீட்டர் கம்பி. விலை 8,500 ரூபாய். புளூடூத் கிடையாது. என் கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லாததால், டைப்-சி இணைப்பான் ஒன்றைத் தனியாக 700 ரூபாய்க்கு வாங்க வேண்டியிருந்தது. பெட்டியில் வேறு எந்த அலங்காரமும் இல்லை. அதை ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

கைப்பேசி எங்கே ஏமாற்றுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பாடகரின் அடிப்படை ஸ்வரமான ஷட்ஜம் ('ச') எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு நடு ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வுகள். மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் 'ப') 98. மந்தர ஷட்ஜம் 65. ராமநாதன் பெரும்பாலான ஆண் பாடகர்களைவிடத் தாழ்ந்த சுருதியில் பாடியவர். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. அப்படியானால் அவர் மந்தரத்தில் பாடும்போது எதுவுமே கேட்கக் கூடாதல்லவா? ஆனால் ஸ்வரம் கேட்கிறது. அடிப்படை அதிர்வு வராமல் போனாலும், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளைக் கொண்டு நம் செவியே ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. எனவே சுருதி சரியாக இருப்பதுபோலவும், குரலுக்கு உடம்பு இல்லாததுபோலவும் தோன்றுகிறது. அந்தப் பெண் "முனகல்" என்று சொன்னது இதைத்தான். இதே கருவியில் நாடகப் பாடகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவையோ கே.பி. சுந்தராம்பாளையோ கேட்டால் இழப்பு மிகக் குறைவு. அவர்களுடைய குரல் குடியிருப்பதே மேலே என்பதால், சிறிய ஒலிபெருக்கிகள் உச்ச ஸ்தாயிப் பாடகர்களுக்கு வெற்றியைத் தாமாகவே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. ஒரு தலைமுறையே பாட்டை இப்படிக் கேட்டு வளர்ந்து, மேலே போகிறவர்தான் பெரிய பாடகர் என்று முடிவு கட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எந்த ஹெட்போனையும் சோதிக்க நான் முதலில் கேட்பது குரலை அல்ல, தம்புராவை. பஞ்சமம், இரண்டு ஷட்ஜங்கள், கடைசியில் மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகள் மீட்டப்படும்போது, மந்தரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ('க' ஸ்வரம்) ஒன்று தானாக எழும். அந்தத் தந்தியின் ஐந்தாவது மடங்கு அதிர்வு அது. ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். மந்தரத் தந்தியின் கனமும் அதன் மேலே மிதக்கும் காந்தாரமும் ஒரே நேரத்தில் கேட்டால், கீழும் மேலும் ஒன்றையொன்று அமுக்காமல் வருகின்றன என்று நம்பலாம். முன்பு என்னிடம் இருந்த புளூடூத் ஹெட்போனில் தந்தியின் கனம் மட்டும் இருமடங்காகக் கேட்டது. காந்தாரம் அதற்குள் புதைந்துபோயிற்று. புதியதில் இரண்டும் தெளிவாகக் கேட்டன. வாங்கிய முதல் இரவில் வேறு எதையும் போடாமல் அரை மணி நேரம் தம்புராவையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாடகர்களை ஒப்பிடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். அதாவது அவர் கீழே இறங்கி நிற்கும் இடம், ஒரு கட்டை ஆணின் நடு ஷட்ஜத்துக்கும் மேலே இருக்கிறது. எனவே எண்ணை வைத்து யார் ஆழம், யார் உயரம் என்று தீர்ப்புச் சொல்வது பொருளற்றது. ஒவ்வொருவரையும் அவரவர் ஷட்ஜத்திலிருந்தே அளக்க வேண்டும். நம் பழைய இசை மரபு மந்தரத்தை மெலிவு என்றும், மத்தியத்தைச் சமன் என்றும், தாரத்தை வலிவு என்றும் அழைத்தது. இந்த மூன்று சொற்களும் குரல் அந்த இடத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்கின்றன. ஹெர்ட்ஸ் கணக்கைவிட எனக்கு இவைதான் அதிகம் உதவின. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது ஓட்டம் 6 விழுக்காடு கூடிவிட்டால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அப்படி ஏறிய பதிவில் ஆழ்ந்த குரல் மெலிந்து, உச்சக் குரல் கிறீச்சிடும். ஒரே பாடகரின் இரண்டு பதிவுகளில் சுருதி ஒரேயடியாக வேறுபட்டால், நாடாவையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி மந்தரம். எம்.டி. ராமநாதன், 1923-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் கற்று அங்கேயே கற்பித்தவர். அவர் பாட்டை மிக மெதுவான சௌக்க காலத்தில் எடுத்துக்கொள்வதற்கும் அவர் குரலின் ஆழத்துக்கும் உள்ள உறவு இந்த ஹெட்போனில்தான் எனக்குப் பிடிபட்டது. தாழ்ந்த ஒலி காதில் முழு உருக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும்; ஸ்வரத்தின் மேல் அவர் அவ்வளவு நேரம் நிற்பதால்தான் அதன் அடிப்பகுதி முழுவதும் வெளிவருகிறது. யதுகுலகாம்போதியில் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கி ஒரு கார்வை கொடுக்கும்போது (ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும்போது), குரல் மெலிவதில்லை, அகலப்படுகிறது. அந்த அகலத்துக்குள் மிக மெல்லிய அசைவு ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் அது ஒரே தட்டையான நீட்டலாக இருந்தது. இங்கே அது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்று தெரிகிறது. சொற்களுக்கு இடையே அவர் விடும் மௌனங்களிலும் தம்புராவின் மந்தரத் தந்தி தொடர்ந்து கேட்பதால், பாட்டு அறுபடாமல், தம்புராவே அவருக்காகக் கொஞ்ச நேரம் பாடிவிட்டுக் கொடுப்பதுபோல் இருக்கிறது.

மந்தரத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. அது மிருதங்கத்தின் இடந்தலை, அதாவது இடது முகம். ரவைப் பசை பூசிய அந்தத் தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஒலியும் ஆண் குரலின் மந்தரப் பகுதியும் ஒரே அதிர்வு எல்லைக்குள் வாழ்கின்றன. கடைகளில் "நல்ல பேஸ்" என்று சொல்லி விற்கப்படும் ஹெட்போன்கள் அந்த எல்லையைத்தான் தூக்கிவிடுகின்றன. தொப்பி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் ராமநாதனின் குரல் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அடியொலியை உயர்த்துவது ஆழ்ந்த குரலுக்கு உதவி என்று நினைப்பது தவறு. அதை உயர்த்தாமல், உள்ளபடி தருவதுதான் உதவி. இந்த ஹெட்போனில் தொப்பி ஓரிடத்திலும், குரல் இன்னோரிடத்திலும் நின்றன. வாங்கிய பணம் இந்த ஒரு காரணத்துக்கே சரியாகிவிட்டது என்பேன்.

பெண் குரல்களின் மந்தரத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. டி.கே. பட்டம்மாளின் கீழ் ஸ்தாயியை இந்தக் கருவியில் கேட்டபோது நான் உண்மையில் வியந்தேன். தீட்சிதர் கிருதிகளை மெதுவான விளம்ப காலத்தில் பாடும்போது அவர் கீழே இறங்குவதில் சற்றும் அவசரம் இல்லை. சாகித்தியத்தின் ஒவ்வோர் எழுத்தும் மேலே எவ்வளவு அழுத்தமாக ஒலித்ததோ அவ்வளவு அழுத்தமாகவே கீழேயும் ஒலிக்கிறது. பல பாடகிகளுக்கு மந்தரத்தில் உயிரெழுத்துகள் மூச்சாகக் கரைந்துவிடும், மெய்யெழுத்துகள் மட்டும் மிஞ்சும். பட்டம்மாளுக்கு அப்படி ஆவதில்லை. மேடையில் பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடுவது வழக்கமில்லாத காலத்தில் அதைப் பாடிக் காட்டிய குரலுக்கு இந்த அடித்தளம் இருந்தது இயல்புதான்.

தாரத்துக்கு வருவோம். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் உருவானவர்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களின் சுருதியையும், குரலைத் திறக்கும் முறையையும் தீர்மானித்தது. மனிதச் செவி சில ஆயிரம் ஹெர்ட்ஸ் எல்லையில்தான் மிகக் கூர்மையானது. அந்த எல்லையில் வலுவாக ஒலிக்கும் குரல் கூட்டத்தையும் வாத்தியங்களையும் கடந்து போகும். கிட்டப்பாவின் குரலில் அது நிரம்பியிருக்கிறது. 1933-இல், 27 வயதில் மறைந்துவிட்ட அவருடைய பாட்டு நமக்குக் கிடைப்பது 78 சுழற்சித் தட்டுகளில்தான். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம் மட்டுமே. படிப்படியாக ஏறிச்செல்ல நேரமில்லை. ஆகவே எடுத்த எடுப்பிலேயே தாரத்தில் நின்று, அங்கிருந்தே பிருகா என்ற அதிவேக ஸ்வரக் கொத்துகளை உதிர்க்கிறார். அந்தப் பிருகாக்களில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி மணியாகக் கேட்பதை இந்த ஹெட்போன் காட்டுகிறது. ஆனால் தட்டின் கீறல் ஒலியையும் அதே கூர்மையோடு காட்டிவிடுகிறது; இருபது நிமிடத்துக்குமேல் காது களைத்துவிடுகிறது.

சுந்தராம்பாளின் தாரம் வேறு வகை. அவர் மேலே போகும்போது குரல் ஒடுங்குவதே இல்லை. பலர் தார பஞ்சமத்தை நெருங்கும்போது தொண்டையைச் சுருக்கி, கள்ளக்குரல் என்னும் மெல்லிய பொய்க்குரலுக்கு மாறிச் சமாளிப்பார்கள். மாறும் அந்த இடத்தில் ஒரு தையல் தெரியும். நல்ல ஹெட்போன் அந்தத் தையலைக் காட்டிக்கொடுத்துவிடும். சுந்தராம்பாளிடம் நான் பல இரவுகள் தேடியும் தையல் கிடைக்கவில்லை. நடு ஸ்தாயியில் பேசிய அதே குரல், அதே திறந்த வாயோடு, மேலே நின்று தமிழ்ச் சொல்லை முழுதாகச் சொல்கிறது. தாரத்தில் சொல் சிதையாமல் இருப்பது எவ்வளவு அரிது என்பதைப் பாடிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (ஜி.என்.பி.) தாரம் வேகத்தால் ஆனது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் மனம் பறிகொடுத்தவர் அவர். அந்த வாத்தியத்தின் பாய்ச்சலைக் குரலில் கொண்டுவந்தார். அவர் மேலே தங்குவதைவிட மேலே போய்த் திரும்புவதில்தான் அழகு இருக்கிறது: நடு ஸ்தாயியிலிருந்து ஒரே மூச்சில் தார காந்தாரத்தைத் தொட்டு, இறங்கும் வழியில் ஒரு ஸ்வரத்தையும் விடாமல் வருவார். கைப்பேசியில் இது ஒரு மின்னல் கீற்றாக மட்டும் தெரியும். இந்த ஹெட்போனில் ஏறும்போது குரல் சற்று மெலிவதும், இறங்கும்போது கனம் திரும்புவதும் தெரிந்தன. அவருடைய சீடர் எம்.எல். வசந்தகுமாரியிடம் அந்தப் பாய்ச்சல் பெண் குரலின் நடுப்பகுதியில் வந்து அமர்ந்துகொண்டதைக் கேட்பது தனி மகிழ்ச்சி. குருவின் வேகம் அப்படியே இருக்கிறது, ஆனால் அவர் மேலே தேடியதை இவர் நடுவிலேயே கண்டெடுக்கிறார்.

நடு ஸ்தாயிதான் உண்மையான சோதனை என்று இந்த நான்கு மாதங்களில் நான் உணர்ந்தேன். பெரும்பாலான கிருதிகளில் பல்லவி நடுவில் அமைந்து, அனுபல்லவி தார ஷட்ஜத்தை எட்டி, சரணம் மீண்டும் இறங்கிவரும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி போன்ற ராகங்கள் தார ஷட்ஜத்தையே எட்டாமல் நிஷாதத்தோடு நின்றுவிடுகின்றன; அவற்றை, 'ம' ஸ்வரத்தையே ஷட்ஜமாகக் கொள்ளும் மத்தியம சுருதியில் வைத்துப் பாடுகிறோம். கச்சேரியில் பாடகர் மிக அதிக நேரம் வாழும் வீடு இந்த நடுப்பகுதிதான். அங்கே ஆழமோ உயரமோ துணைக்கு வராது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. எந்த இடத்திலும் அவர் ஸ்தாயியைக் காட்சிப்பொருளாக்குவதில்லை. நடுவிலேயே ஒரு பாட்டை முழுதாக நிறைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். செம்மங்குடி சீனிவாச ஐயரின் சாரீரம் எளிதில் இணங்காதது. அதை உழைப்பால் பணியவைத்தார் என்பது பலரும் அறிந்தது. அந்த உழைப்பின் தடம் நடு ஸ்தாயியில், குரலின் கரகரப்பையே கமகத்தின் பிடிப்பாக மாற்றிக்கொள்ளும் இடங்களில், இப்போது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. மதுரை மணி ஐயர் ஷட்ஜத்தில் வந்து சேரும்போது குரலும் தம்புராவும் ஒட்டிக்கொண்டு, எது எதுவென்று பிரிக்க முடியாத ஒரு கணம் வரும். அந்தக் கணத்தைக் கேட்பதற்காகவே உடனுக்குடன் கற்பனையில் அமைத்துப் பாடும் அவருடைய கல்பனாஸ்வரங்களைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

எம்.எஸ். சுப்புலட்சுமியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மூன்று ஸ்தாயியிலும் குரலின் முகம் மாறாமல் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர் பாட்டுத்தான். மந்தரத்தில் அவர் பட்டம்மாளைப்போல் அழுத்தம் கொடுப்பதில்லை. தாரத்தில் சுந்தராம்பாளைப்போல் திறந்து முழங்குவதும் இல்லை. ஆனால் கீழிருந்து மேலே ஒரே இழையாகப் போகிறார், அந்த இழையின் தடிமன் எங்கும் மாறுவதில்லை. தார ஷட்ஜத்தில் நிற்கும்போது ஒலி கூடாமல் ஒளி மட்டும் கூடுவதுபோல் ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஒலிவாங்கி முன் எவ்வளவு குரல் போதும் என்பதை நன்றாக அறிந்தவர் அவர். இந்த ஹெட்போனில் அவருடைய மூச்சு எடுக்கும் ஒலியும் கேட்கிறது. நீண்ட சங்கதிக்கு முன்பு அது மிகச் சிறியதாக, எவ்வித அவசரமும் இன்றி இருப்பதைக் கேட்டு வியந்தேன். அவரும் ஜி.என்.பி.யும் 1940-இல் சகுந்தலை படத்தில் இணைந்து நடித்துப் பாடியவர்கள் என்பதால், இரண்டு குரல்களின் மேல் ஸ்தாயியையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்க விரும்புவோருக்கு அது நல்ல வாய்ப்பு.

பாலமுரளிகிருஷ்ணாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மூன்று ஸ்தாயியிலும் அவர் அளவுக்கு எளிதாக உலவியவர் அரிது, அந்த எளிமையே சில நேரம் எனக்குக் குறையாகப் படுகிறது. மந்தரத்துக்கு இறங்குவது ஒரு பயணம் என்ற உணர்வு அவரிடம் எழுவதில்லை. இது என் சுவையின் எல்லையாகவும் இருக்கலாம். திரைப்பாட்டில் பி.பி. ஸ்ரீனிவாஸின் மென்மையான கீழ்க்குரலும், டி.எம். சௌந்தரராஜன் மேலே போகும்போதும் நெஞ்சுக்குரலை விட்டுக்கொடுக்காத உறுதியும், சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கல உச்சமும் இந்த ஹெட்போனில் மிக நன்றாகவே வந்தன. கூடத்தில் கவனமாகப் பதிவுசெய்யப்பட்டவை என்பதால் அவற்றுக்கு எந்தக் கருவியும் ஓரளவு துணைநிற்கும்.

குறைகளும் உண்டு. மூடிய வகை என்பதால் கச்சேரி மண்டபத்தின் விரிவு கிடைக்காது. பாடகர் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருக்கும். சென்னை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் அணிந்தால் காதைச் சுற்றி வியர்த்துவிடுகிறது. 3 மீட்டர் கம்பி நாற்காலிக் காலில் சிக்கிக்கொள்கிறது. மேல் அதிர்வுகளில் சற்றுக் கூர்மை இருக்கிறது. ஈக்குவலைசரில் அதை இரண்டு டெசிபெல் குறைத்துக்கொண்டபின் பெண் குரல்களின் ச, ஸ ஒலிகள் உறுத்தாமல் வந்தன. வாங்க விரும்புவோர் கடையில் கூடம் அதிரும் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாமல், தம்புராவோடு ஓர் ஆண் குரலின் மந்தர ஆலாபனையையும், ஒரு பெண் குரலின் தார ஷட்ஜ நிரவலையும் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதையும்) தம் கைப்பேசியிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அக்காள் மகள் போன மாதம் வந்தபோது, எதுவும் சொல்லாமல் அதே சஹானாவை அதே இடத்திலிருந்து இதில் போட்டுக் கொடுத்தேன். பாட்டு முடியும்வரை அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு, "கீழே போகும்போதுதான் இவர் குரல் பெரிசா ஆகுது மாமா" என்றாள். இப்போது விடியற்காலையில் மந்தர ஸ்தாயி வரிசைகளைச் சாதகம் செய்கிறாள் என்று அக்காள் சொன்னாள். ஹெட்போனை அவளிடமே கொடுத்தனுப்பிவிட்டு, எனக்கு இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை, மேசை மேல் இருக்கும் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரில் கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கீறல் ஒலியைக் கொஞ்சம் மழுக்கிவிடும் அந்தப் பெட்டியில்தான் அவர் குரலோடு ஒரு மணி நேரம் இருக்க முடிகிறது; புதிய ஹெட்போன் வந்த பிறகும் அவருக்கு மட்டும் இதையே வைத்துக்கொள்வேன்.